பின்னால் தெரியும் விளக்கு என்ன விலை?

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் நலம். விடுதியில் தங்கிப் படிக்கும் மகளும் நலம். அங்கே நீங்களும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பதை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். காரணம், உட்காருவதற்கு மட்டும் என்று செய்யப்படாத ஒன்றில் உட்கார்ந்து, எழுதுவதற்கென்று செய்யவே படாத ஒன்றின்மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். இரண்டும் உங்களுடையவை. எவை என்று போகப்போகத் தெரியும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் அழைத்ததும் உங்கள் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல் இருவருக்கும் நடுவில் வைத்துவிடுகிறார். அதன்பிறகு இந்த வீட்டில் யாரும் யாரைப் பற்றியும் எதுவும் பேச முடியாது. நான் சொல்லப்போவதோ பெரும்பாலும் அவரைப் பற்றி. ஆகவே கடிதம்.

போன மாதம் அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நீங்கள் அழைத்தது நினைவிருக்கும். அங்கேயே வீடு வாங்கிவிட்டதாகவும், இனிமேல் அங்கேதான் என்றும் சொன்னீர்கள். மனதார மகிழ்ந்தேன். "பின்னறையில கிடக்கற என் சாமான் எல்லாத்தையும் வித்துடுங்க அண்ணி, எனக்கு ஒண்ணும் வேணாம். வீடு வாங்கின விஷயத்தை மட்டும் அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்றும் சொன்னீர்கள். ஆறு மாத வேலை என்று சொல்லிவிட்டு நீங்கள் கிளம்பியபோது எங்கள் மகளுக்குச் சாப்பாட்டு மேசை கழுத்தளவு உயரம். இப்போது அவள் கல்லூரியில் எனக்கே புரியாத ஒன்றைப் படிக்கிறாள். அந்த ஆறு மாதத்துக்காக அடுக்கிய சாமான்களால் பின்னறைக்குள் ஒரு ஆள் பக்கவாட்டில் திரும்பி மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் நுழைய முடியும். நீங்கள் சொன்னதில் முதல் பாதியை அன்று மாலையே அவரிடம் சொன்னேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. பக்குவம் எனக்குக் கைவந்த கலை அல்ல என்பது உங்களுக்கே தெரியும். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அவனே சொல்லிட்டானா? சரி, வித்துடலாம்" என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

எனக்கு அந்த அறை ஏன் தேவைப்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மருந்து டப்பாவுக்குள் பொடி எழுத்தில் மடித்து வைத்திருக்கும் தாளை யாரோ ஒருவர் மொழிபெயர்க்க வேண்டுமல்லவா, அந்த யாரோ ஒருவர் நான்தான். 'அரிதாகத் தலைசுற்றல் ஏற்படலாம்' என்று எழுதுவதற்குப் பல்கலைக்கழகத்தில் அத்தனை ஆண்டுகள் படித்தேன். இத்தனை காலமும் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் வேலை. வேளைக்கு வேளை சாப்பாடு வரும்போதெல்லாம் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் மூட்டை கட்டி ஜன்னலில் வைத்துவிட்டு, தட்டுகள் போன பிறகு மறுபடி பிரிப்பேன். இந்த முறை எங்கள் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் மேலாளர் அம்மா என்னை எல்லோருடைய தாள்களையும் சரிபார்க்கும் பதவிக்கு எடுப்பதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. இன்னும் கடைக்கு வராத மருந்துகள் என்பதால், கதவு சாத்தக்கூடிய தனி அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒன்றாம் தேதி கேமராவில் அறையைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதவி என்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான ஒருத்திக்குப் போகும். அவளுக்கு அறையும் இருக்கிறது, கதவும் இருக்கிறது. 'கல்லீரல்' என்று எழுதத்தான் வராது.

விற்பது எப்படி என்பதில் வீடு இரண்டு கட்சியானது. ஆன்லைனில் போட வேண்டும் என்றாள் மகள். "ஊரே போன்லதான்மா வாங்குது, நீங்க ரெண்டு பேரும் கடை விரிச்சு உக்காந்தா தெருவே சிரிக்கும்" என்பது அவள் வாதம். முகம் தெரியாத ஆளிடம் பொருளைத் தர முடியாது, கார் ஷெட்டில் பரப்பி வைத்தால் அக்கம்பக்கத்தார் தொட்டுப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள் என்றார் உங்கள் அண்ணன். என் கருத்தைக் கேட்டார்கள். ஒன்றில் முகம் தெரியாதவன் ஏமாற்றுவான், இன்னொன்றில் முகம் தெரிந்தவன் ஏமாற்றுவான், எதில் கூச்சம் குறைவோ அதைச் செய்யுங்கள் என்றேன். மகள் கட்சி ஜெயித்தது. அவள் விடுதியிலிருந்தே கணக்குத் தொடங்கிக் கொடுத்தாள். படம் எடுப்பதும் விவரம் எழுதுவதும் அப்பாவின் பொறுப்பு என்று முடிவானது. பிழை அங்கேதான் தொடங்கியது.

உங்கள் அண்ணன் பம்ப் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை மகள் மறந்துவிட்டாள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் என்ன குறை என்று தேடுவதற்கே சம்பளம் வாங்கியவர். டிரெட்மில்லுக்கு அவர் எழுதிய விளம்பரம் இது: 'ஓடும். வேகத்தைக் குறைக்கும் பொத்தான் சில சமயம் வேகத்தைக் கூட்டும். ஏறியவர் கைப்பிடியை விடாமல் இருப்பது நல்லது.' உடம்பு பிடித்துவிடும் நாற்காலிக்கு: 'இடது தோளை மட்டும் பிடிக்கும். யாரும் தொடாமலே தானாகத் தொடங்குவது உண்டு. நிறுத்த வேண்டுமானால் ஒயரைப் பிடுங்க வேண்டும்.' மீன் தொட்டிக்கு: 'பாதி வரை தண்ணீர் நிற்கும். இதில் இருந்த மீன்கள் இப்போது இல்லை. காரணம் தெரியவில்லை.' பக்கவிளைவுகளை எழுதிப் பிழைக்கிறவள் நான். நாங்கள்கூட முதலில் மருந்து எதைக் குணமாக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம். அதை அவரிடம் சொன்னேன். "உள்ளதைச் சொல்லாம விக்கறது தப்பு" என்றார். இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொன்னால் நாம் அயோக்கியர் ஆகிவிடுவோம்.

படம் எடுத்தது அடுத்த கதை. பின்னறையில் ஆள் நிற்கவே இடமில்லாதபோது கேமரா எங்கே நிற்கும்? ஒவ்வொரு பொருளாக இழுத்துவந்து ஹாலில் வைத்து, அழகாக இருக்கட்டும் என்று பின்னால் எங்கள் பொருள்களை ஒழுங்குபடுத்தி, ஜன்னல் வெளிச்சம் விழும் நேரம் பார்த்து எடுத்தார். படம் பிரமாதம். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. என் நிற்கும் விளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில் உங்கள் டிரெட்மில்லே ஏதோ சிந்தனையில் இருப்பதுபோல் இருந்தது.

விளம்பரத்தைப் பார்த்தவர்களில் இரண்டு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு திறந்தார்கள். 'இருக்கா?' என்று ஒருவர் கேட்டார். இருக்கிறது என்றால் போய்விட்டார். இருப்பதைத் தெரிந்துகொள்வதில் மட்டும்தான் அவருக்கு ஆர்வம்போல. இன்னொருவர் எந்தப் பொருளின் கீழும் 'லாஸ்ட் எவ்ளோ?' என்று மட்டும் எழுதினார். அவருக்கு நாங்கள் லாஸ்ட் எவ்ளோ என்றே பெயர் வைத்துவிட்டோம். மூன்றாமவருக்குப் பெயர் 'வந்துட்டே இருக்கேன்'. சோபாவைப் பார்க்க அவர் வந்துகொண்டே இருந்தார். உங்கள் அண்ணன் குளிக்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். மாலையில் கேட்டால் சிக்னலில் நிற்பதாகப் பதில். மறுநாளும் அதே சிக்னல். இன்றுவரை அந்த விளக்கு பச்சைக்கு மாறவில்லை.

அப்போதுதான் ஒரு அம்மா கேட்டார், டிரெட்மில் வேண்டாம், பின்னால் தெரியும் விளக்கு என்ன விலை என்று.

உங்கள் அண்ணனுக்கு ஒரு குறை உண்டு. அவரையே தரப் பரிசோதனைக்கு அனுப்பினால் முதல் நாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவருக்கு 'இல்லை' என்ற சொல் வராது. இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பார்க்கலாம்' என்பார். அவர் பார்க்கலாம் என்று சொன்ன பொருள் மறுநாள் வீட்டில் வந்து இறங்கும். சமையலறையில் மூன்று தண்ணீர் வடிகட்டிகள் இருப்பது எங்களுக்குத் தாகம் அதிகம் என்பதால் அல்ல, மூன்று விற்பனையாளர்கள் வந்தார்கள் என்பதால். விளக்குக்கும் பார்க்கலாம் என்று எழுதினார். அந்த அம்மா அன்று மாலையே ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து, விளக்கைக் குழந்தைபோல் மடியில் வைத்துத் தூக்கிப் போனார். அடுத்த நாள் மீன் தொட்டியின் பின்னால் தெரிந்த திரைச்சீலையை ஒருவர் கேட்டார். அதற்கடுத்து உங்கள் ஸ்பீக்கர்களின் பின்னால் அழகுக்கென்று படுக்கையறையிலிருந்து கொண்டுவந்து நிறுத்திய எங்கள் கண்ணாடி அலமாரி. அலமாரியை வாங்கியவர், ஸ்பீக்கரைக் காலால் மெல்ல ஒதுக்கிவிட்டுத்தான் தூக்கினார். உங்கள் பொருள் ஒன்றை ஹாலுக்கு இழுப்பதும், எங்கள் பொருள் ஒன்று வாசலுக்குப் போவதும், உங்களுடையது பத்திரமாகப் பின்னறைக்குத் திரும்புவதும் தினசரி வேலை ஆகிவிட்டது. ஒரு படத்தில் அலமாரியைத் துடைத்தபடி உங்கள் அண்ணனும் விழுந்திருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை. அதில் அவருக்கு லேசான வருத்தம்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். "விளம்பரத்துல இருக்கறத வித்தா போதும், வீட்டுல இருக்கறத விக்க வேணாம்" என்று சொன்னேன். தலையாட்டினார். மகளிடம் முறையிட்டேன். அவளோ, "அப்பாவுக்கு அஞ்சு ஸ்டார்மா, 'உண்மை பேசும் மனிதர்'னு எழுதிருக்காங்க, இப்ப தரமாட்டேன்னா ரேட்டிங் போயிடும்" என்றாள். முப்பத்தைந்து ஆண்டு வேலையில் ஒரு பாராட்டுக் கடிதம்கூட வாங்காத மனிதர், அந்த ஐந்து நட்சத்திரத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதை எப்படிப் பிடுங்குவது?

ஒன்றாம் தேதி நெருங்கியது. ஹால் மொட்டையாகிவிட்டது. பின்னறை மட்டும் நிறைமாதக் கர்ப்பிணிபோல் அப்படியே இருந்தது. ஆன்லைன் போதும், ஷெட்டில் வைத்தே விற்றுவிடுவோம், படமும் வேண்டாம் பின்னணியும் வேண்டாம் என்று நானே சொன்னேன். அவர் கட்சி கடைசியில் ஆட்சிக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஷெட்டைக் கழுவி, உங்கள் சாமான்களைக் கொண்டுவந்து பரப்பினோம். பெரியவை தரையில். சிறியவற்றை, அதாவது உங்கள் வாப்பிள் கருவி, பழம் பிழியும் கருவி, யாருக்கும் எதற்கென்று தெரியாத அந்தத் தாமிரக் குழாய் எல்லாவற்றையும், தரையில் வைத்தால் மதிப்பிருக்காது என்று உயரத்தில் வைத்தோம். உயரத்துக்கு எங்கே போவது? எங்கள் சாப்பாட்டு மேசையைத் தூக்கிவந்தோம். போதவில்லை. எங்கள் படுக்கையறைக் கட்டிலையும் கழற்றிக் கொண்டுவந்து பூட்டி, மேலே துணி விரித்து அதிலும் அடுக்கினோம். பல்கலைக்கழகத்தில் படித்த ஒருத்தியும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிழை கண்டுபிடித்த ஒருவரும் சேர்ந்து செய்த காரியம் இது. நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

தெருவே வந்தது. முகம் தெரிந்தவர்களிடம் விற்பதில் உள்ள சிரமம், அவர்கள் பொருளைப் பார்க்க வருவதில்லை, நம்மைப் பார்க்க வருகிறார்கள். வீட்டைக் காலி செய்கிறீர்களா, கடன் தொல்லையா, அவருக்கு உடம்பு சரியில்லையா என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு நோயைச் சொல்லி விசாரித்தார்கள். ஆன்லைனில் 'இருக்கா?' என்று கேட்டவரை அப்போது நன்றியோடு நினைத்துக்கொண்டேன். மூன்றாவது வீட்டு அம்மா, "உங்களோடதோட இதுவும் போகட்டும்" என்று தன் ஓடாத சலவை இயந்திரத்தைத் தள்ளிவந்து நிறுத்திவிட்டுப் போனார். உங்கள் அண்ணன் பார்க்கலாம் என்றார். அது இப்போது எங்களுடையது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாப்பிள் கருவியைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். வைத்த மேசையை விரலால் தட்டினார். குனிந்து அடியில் பார்த்தார். பல்லைப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

"நல்ல மரம் சார். இது எவ்ளோ?"

நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் உங்கள் அண்ணன் பார்க்கலாம் என்றுவிட்டார். டாக்டரும் அவர் கம்பவுண்டரும் மேசைமேல் இருந்த உங்கள் சாமான்களைப் பொறுக்கிக் கட்டிலில் வைத்துவிட்டு, நான் இத்தனை காலம் கல்லீரலை விரித்த அந்த மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்கள். அடுத்து புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கட்டிலைக் கேட்டது. மேலே இருந்தவை தரைக்கு வந்தன, கட்டில் வண்டி ஏறியது. காலையில் எங்கள் மரச்சாமான்களின்மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்த உங்கள் பொருள்கள் மதியம் சிமெண்ட் தரையில் கிடந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. தண்ணீர் குடிக்க உள்ளே போன ஒருவர் எங்கள் படுக்கையறைக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தக் கதவைத் தனியாகத் தருவீர்களா என்று கேட்டார். உங்கள் அண்ணன் அங்கே வந்து சேர்வதற்குள் நான் ஓடிப்போய் அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன். அவர் கிளம்பும்வரை நகரவில்லை.

இனிச் சொல்லப்போவதற்காகத்தான் கடிதமே. சாயங்காலம், கடையை மூடலாம் என்று நினைத்தபோது முனையிலிருக்கும் தையற்கடை அம்மா வந்தார். மருத்துவர் நடக்கச் சொல்லியிருக்கிறாராம், வெளியே நடந்தால் நாய் துரத்துகிறதாம், நேராக டிரெட்மில்லிடம் போனார். குறைகளையெல்லாம் உங்கள் அண்ணன் ஒப்பித்தார். பரவாயில்லை என்றார் அந்த அம்மா. வேகம் கூடும் என்றார் இவர். பிடித்துக்கொள்கிறேன் என்றார். சத்தம் வரும் என்றார் இவர். தையல் இயந்திரத்தோடு இருக்கிறவளுக்குச் சத்தம் ஒரு பொருட்டா என்றார். கேட்ட விலையைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டு, தூக்க ஆள் கூப்பிடப் போனை எடுத்தார். நான் மனதுக்குள் பின்னறையில் மேசை போட்டு, ஜன்னலைத் திறந்து, கதவைச் சாத்தியும் விட்டேன்.

"அது விக்கறதுக்கு இல்லைங்க" என்றார் உங்கள் அண்ணன்.

வேறு யாரோ பேசியதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. மூன்று வடிகட்டி விற்பனையாளர்கள் எவ்வளவு முயன்றும் வராத சொல் அது. கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டதே இல்லை. தையற்கடை அம்மா என்னைப் பார்த்தார். நான் டிரெட்மில்லைப் பார்த்தேன். அவர் போனபிறகு, என்ன இது என்று கேட்டேன். உங்கள் அண்ணன் தாமிரக் குழாயைத் துணியால் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"எல்லாத்தையும் வித்துட்டா, அவன் வந்தா எங்க உக்காருவான்?"

"விக்கச் சொன்னதே தம்பிதானே?"

"சொல்வான். ஆறு மாசம்னு போனான். எந்த ஆறு மாசம்னு சொல்லலையே."

அவர் துடைத்து முடிக்கட்டும் என்று நான் உள்ளே போனேன். அந்த விளம்பரங்களை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். எங்கள் விளக்கை விற்றபோது ஒரு குறையும் எழுதவில்லை. அதன் ஸ்விட்ச் வேலை செய்யாமல் போய், பிளக்கைச் செருகித்தான் எரியவைக்கத் தொடங்கி எவ்வளவு காலமாகிறது என்பது எனக்குத் தெரியும். உங்கள் பொருள்களுக்குத்தான் பக்கம் பக்கமாகக் குறை. உண்மை பேசும் மனிதர் உண்மையைக் காவலுக்கு நிறுத்தியிருந்திருக்கிறார். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்களுக்கு இது தெரியாது.

விளைவைக் கேளுங்கள். ஷெட்டிலிருந்து எல்லாம் திரும்பிப் போனதால் பின்னறை காலியாகவில்லை. ஆனால் வீட்டில் மற்ற எல்லா இடமும் காலி. ஹாலில் பேசினால் நம் குரலே நமக்குப் பதில் சொல்கிறது. கட்டிலும் அலமாரியும் போன எங்கள் படுக்கையறை நான்கு சுவரும் ஒரு கதவுமாக நின்றது. நான் முதுகு கொடுத்துக் காத்த கதவு. அதையே எடுத்துக்கொண்டேன். மேசைக்குப் பதிலாக உங்கள் மீன் தொட்டி. மேலே பலகை போட்டால் சரியான உயரம், உள்ளே அகராதிகள். நாற்காலிக்குப் பதிலாக உங்கள் பிடித்துவிடும் நாற்காலி. உங்கள் அண்ணன் பின்னறையில் உங்கள் கட்டிலில், உங்கள் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் படுக்கிறார். நானும்தான். திரும்பிப் படுக்க வேண்டுமானால் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிக்கொள்கிறோம்.

ஒன்றாம் தேதி மேலாளர் அம்மா கேமராவில் வந்தார். சுவர்களைக் காட்டினேன். கதவைச் சாத்திக் காட்டினேன். இவ்வளவு எளிமையான வேலை அறையைப் பார்த்ததே இல்லை, மற்றவர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். அந்த நேரம் பார்த்து நாற்காலி தானாகத் தொடங்கியது. இடது தோளைப் பிடித்து உலுக்கியது. ஒயர் கைக்கெட்டாத தூரத்தில். மேலாளர் அம்மா கூடுதல் வேலை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, நான் எல்லாவற்றுக்கும் உற்சாகமாகத் தலையாட்டுவதாக எடுத்துக்கொண்டார். பதவி கிடைத்துவிட்டது. கூடவே இரண்டு ஆள் வேலையும். நாற்காலி விளம்பரத்தில் எழுதியிருந்ததை ஒருமுறை கவனமாகப் படித்திருக்கலாம். பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறவள் நான்.

ஆக, எனக்கு அறை கிடைத்துவிட்டது. அதற்காக உங்களைத் தொந்தரவு செய்யவில்லை. ஆனால் ஒரு மனிதர் தூசி தட்டிக்கொண்டே காத்திருப்பதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை. நேற்று டிரெட்மில்லுக்கு எண்ணெய் போட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நீங்கள் என்னிடம் விட்டுவைத்த அந்த இரண்டாவது பாதியை நீங்களே சொல்வதுதான் முறை. இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் செய்யுங்கள். ஸ்பீக்கரில்தான் போடுவார், போடட்டும். வீடு வாங்கிவிட்டேன், இனி வரமாட்டேன், சாமான்களை விற்றுவிடுங்கள் அண்ணா என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். உங்கள் வாயால் கேட்டால் கேட்டுக்கொள்வார். அதன்பிறகு டிரெட்மில் தையற்கடைக்குப் போகும், நாங்கள் எங்களுக்கென்று ஒரு கட்டில் வாங்குவோம். இது என் கண்டிப்பான வேண்டுகோள். அண்ணி கண்டிப்பாகப் பேசுவது அபூர்வம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கைக்கு என் அன்பைச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு முத்தங்கள். புது வீட்டில் கதவுகள் எல்லாம் நன்றாகச் சாத்தட்டும், அதைவிட நன்றாகத் திறக்கட்டும். அங்கே ஓர் அறையாவது எப்போதும் காலியாக இருக்க என் ஆசிகள்.

அன்புடன்,
அண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் வாசலில் மணி அடித்தது. உங்கள் அண்ணன் வெளியே போயிருக்கிறார். மீன் தொட்டிக்காக ஒருவர் வந்திருந்தார். விளம்பரத்தில் உள்ள குறைகள் எல்லாவற்றையும் படித்துவிட்டாராம், இவ்வளவு உண்மையாக எழுதியவரிடம்தான் வாங்க வேண்டும் என்று வந்தாராம். பணம் கையில். வண்டி வாசலில். "அது விக்கறதுக்கு இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். நான் அதில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் காரணம், நீங்களாக வேறெதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆனால் சொன்ன பிறகு அந்த வார்த்தையை எங்கே கேட்டேன் என்று நினைவு வந்தது. நான் மொழிபெயர்க்கும் தாள்களில் பாதிக்குமேற்பட்டவற்றில் ஒரு வரி வரும்: 'மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.' ஆகவே மேலே நான் கண்டிப்பாக எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். போன் மட்டும் செய்யுங்கள். எப்போது வருகிறாய் என்று அவர் கேட்டால், இன்னும் ஆறு மாதம் என்று சொல்லுங்கள். எந்த ஆறு மாதம் என்று சொல்ல வேண்டாம்.